பயந்தவன் கலைக் கல்லூரிக்கு, துணிஞ்சவன் நீட்டுக்கா?

அரூர்க்காரர் | மே 10

சந்தேகம்கூட இல்ல, என் கணிப்புன்னே வெச்சுக்குங்க. தெரிஞ்ச பையன் ஒருத்தன் பிளஸ் டூ-ல கணக்கு 82, ஃபிசிக்ஸ் 74, கெமிஸ்ட்ரி 78. மெக்கானிக்கல்னா உசிரு. ஆனா "அரியர் விழுந்துட்டா?"ன்னு பயந்துகிட்டு, பஸ் போற தூரத்துல இருக்கற கலைக் கல்லூரியில எந்தப் பாடம் கெடைச்சாலும் சேர்றேங்கறான். அதே தெருவுல ஒரு பொண்ணு மூணாவது தடவையா நீட் எழுதப் போவுது. பயந்த பசங்க கலைக் கல்லூரிக்கு, துணிஞ்ச பசங்க நீட்டுக்கு. இதுக்கு மேல இதுல பேச என்ன இருக்கு?

தகடூரான் | மே 10, இரவு

அந்தப் பொண்ணு துணிஞ்சவள்னு எதை வெச்சுச் சொல்றீங்க? ரெண்டு பேரும் ஒரே பயத்தோட ரெண்டு முனையில நிக்கலாம்.

1957-ல் ஜான் அட்கின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு ஒரு கணக்கே போட்டார். ஜெயிக்கணும் என்ற ஆசை தூக்கலாக இருப்பவர் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள காரியத்தை எடுப்பார். தோற்கக் கூடாது என்ற பயம் தூக்கலாக இருப்பவர் அந்த நடுவைத்தான் தவிர்ப்பார். ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு முடிக்கக்கூடியதுக்குப் போவார். இல்லையென்றால் யாருக்கும் எளிதில் எட்டாததுக்குப் போவார். முதலாவதில் தோற்க வழியே இல்லை. இரண்டாவதில் தோற்றால் அவமானமில்லை: "லட்சக்கணக்குல எழுதறாங்க, கெடைக்கலைன்னா என்ன பண்றது" என்று ஊரே ஆறுதல் சொல்லும். நடுவில் தோற்றால்தான் "இவனால முடியல" என்ற பேச்சு வரும்.

திருவிழாவில் சோப்பு டப்பா மேல் வளையம் போடும் கடையில் நின்று பாருங்கள். கயிற்றைத் தாண்டிக் குனிந்து பக்கத்து டப்பாவில் போடுகிற பையனும், கடைசி வரிசை கடிகாரத்துக்கே வீசுகிற பையனும் உண்டு. தோற்றால் இரண்டு பேருக்குமே சாக்கு கையில் இருக்கிறது.

1960-ல் மஹோன் என்பவர் இதைத் தொழில் தேர்வில் சோதித்துப் பார்த்தார். தோல்வி பயம் அதிகமுள்ள மாணவர்களின் தொழில் ஆசை அவர்கள் திறமைக்குப் பொருந்தாமல் இருந்தது. சிலருக்கு ரொம்ப மேலே, சிலருக்கு ரொம்பக் கீழே. நீங்கள் சொன்ன தெருவில் அந்த இரண்டுமே இருக்கிறது.

பாலக்கோட்டான் | மே 11

அப்ப ஐஏஎஸ் படிக்கறேன்னு அஞ்சு வருஷமா நூலகத்துல உக்காந்திருக்கற எங்க ஊர் அண்ணன்?

தகடூரான் | மே 11

அவரைத் தெரியாமல் சொல்லக் கூடாது. ஒரே ஒரு அடையாளம் சொல்கிறேன்: எட்டாததை எடுத்தவர் உண்மையிலேயே அதற்குத்தான் உழைக்கிறார் என்றால் முழுத் தேர்வு மாதிரித் தாள்களை நேரம் வைத்து எழுதியிருப்பார், மதிப்பெண் குறித்திருப்பார். பயந்தவர் குறிப்பெடுப்பார், புத்தகம் மாற்றுவார், மாதிரித் தேர்வு மட்டும் எழுத மாட்டார். எழுதினால் எண் தெரிந்துவிடும் அல்லவா. 1978-ல் பெர்க்லாஸ், ஜோன்ஸ் என்ற உளவியலாளர்கள் இதற்கு ‘self-handicapping’ என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் பெயர் வைக்காமலே தெரியும், ‘படிச்சிருந்தா எடுத்திருப்பேன்’. தோற்பதற்கு முன்பே காரணத்தைத் தயார் செய்துகொள்வது.

கணக்கு டீச்சர் | மே 12

பயம் பிளஸ் டூ ரிசல்ட்ல ஆரம்பிக்கறதில்லங்க. பத்தாவது முடிச்சு குரூப் எடுக்கறப்பவே முடிவாயிடுது. கணக்கு பாஸ் ஆக மாட்டேன்னு, கணக்கே இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப்புக்குப் போறவங்கதான் அதிகம். அவங்களுக்கு வினாத்தாள் கணக்கே தெரியாது. பிளஸ் டூ கணக்கு எழுத்துத் தேர்வு 90. ஒரு மார்க் 20, ரெண்டு மார்க் 7, மூணு மார்க் 7, அஞ்சு மார்க் 7. அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வுல 25 எடுத்தா, அகமதிப்பீடு முழுசா இருந்தா 35, பாஸ். ஒரு மார்க்ல மட்டுமே 20 இருக்கு. ஃபிசிக்ஸ் இன்னும் சுலபம்: எழுத்து 70-க்கு 15 எடுத்தாப் போதும், செய்முறை 20, அகமதிப்பீடு 10 தனியா வருது. வினாத்தாள்ல ஒரு மார்க் கேள்வியே 15.

கணக்குக்குப் பயந்து ப்யூர் சயின்ஸ் எடுத்த பிள்ளைக்குப் பொறியியல் கதவு மூடிடுது. அப்புறம் நீட்டுக்கு உக்காருது, அங்க ஃபிசிக்ஸ்ல 45 கேள்வி, பாதிக்கு மேல கணக்குதான். எதுக்குப் பயந்து ஓடினாங்களோ அது முன்னாடி வந்து நிக்குது.

தகடூரான் | மே 12

டீச்சர் சொன்னது முழுக்க உண்மை, ஒரு ஒட்டு மட்டும். பாஸ் ஆவது வேறு, சீட் தகுதி வேறு. பொறியியல் கலந்தாய்வுக்குக் கணக்கு, ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றிலும் சேர்த்துப் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் வேண்டும். 35-ஐப் பார்த்துத் தைரியம் சொல்லிவிட்டு அங்கே நிறுத்தினால் ஒரு பிள்ளையை நடுக்கிணற்றில் விட்ட மாதிரி.

இன்னொன்று. குரூப் தேர்வில் பயப்படுவது பிள்ளை மட்டும் இல்லை. தேர்ச்சி சதவீதம் குறையும் என்று பயப்படும் பள்ளியும் "உனக்கு இது செட் ஆகாதும்மா" என்று தள்ளிவிடுகிறது. பிள்ளை அதைத் தன் திறமையைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறது.

அரூர்க்காரர் | மே 13

சரி, ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பையனுக்கு அரியர் பயம் சும்மா இல்லையே. ஊர்ல பொறியியல் படிச்சிட்டு 12 அரியரோட சுத்தறவங்க இருக்காங்க.

தகடூரான் | மே 13

அரியர் என்ற சொல்லே பள்ளி ‘பெயில்’ மாதிரி காதில் விழுகிறது, அதுதான் சிக்கல். பள்ளியில் பெயில் என்றால் வகுப்பு போச்சு. கல்லூரியில் ஒரு தாள் போனால் அடுத்த செமஸ்டருக்குப் போய்க்கொண்டே அந்தத் தாளைத் திரும்ப எழுதலாம். அண்ணா பல்கலைக்கழக விதியில் நாலு வருஷப் படிப்பை முடிக்க 7 வருஷம் வரை அவகாசம். 12 அரியர் என்பது முதல் செமஸ்டரில் விழுந்த 3-ஐ மூடி வைத்ததன் விளைவு. வீட்டில் சொல்லப் பயம், அதனால் மறுதேர்வுக்குக் கட்டணம் கேட்கப் பயம், அடுத்த செமஸ்டர் பாடம் பழைய பாடத்தின் மேல் உட்காரும், 3 என்பது 6 ஆகும்.

முதல் செமஸ்டரில் அதிகம் கவிழ்ப்பது கணக்கு. அதில் வருவதில் பாதி வகையீடு, தொகையீடு. பிளஸ் டூ-வில் 82 எடுத்தவனுக்கு இது புதுசு இல்லை. தமிழ்வழியில் படித்தவன் என்றால் பயம் கணக்கு மேல் இல்லை, இங்கிலீஷ் மேல். பாடநூல் கழகத்தின் பிளஸ் டூ புத்தகம் இரண்டு வழியிலும் இணையத்தில் இலவசம். ஜூன், ஜூலை இரண்டு மாதம் இருக்கிறது. தெரிந்த பாடத்தையே இங்கிலீஷ் வழியில் ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள், கூடவே கலைச்சொற்களை ஒரு நோட்டில். ‘முடுக்கம்’ என்பதற்கு இங்கிலீஷில் என்ன என்று முதல் வகுப்பில் திணறாமல் இருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

பாலக்கோட்டான் | மே 13

எனக்கு ஒண்ணு புரியல. எங்கப்பன் தக்காளி போடறாரு. ராயக்கோட்டை மண்டியில ஒரு வருஷம் கூடை நல்ல விலை, மறு வருஷம் பறிக்கற கூலிக்குக்கூடக் கட்டாம ரோட்டுல கொட்டறாங்க. அதுக்குப் பயப்படாத மனுஷன் மகன் ஒரு பேப்பர்ல போனா சோறு திங்க மாட்டேங்கறாரு.

தகடூரான் | மே 14

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். தக்காளி விலை விழுந்தால் ஊரில் எல்லோருக்கும் விழுகிறது, யாரும் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க மாட்டார்கள். பேப்பர் போனால் அது ஒரு வீட்டுக்கு மட்டும். பயம் நஷ்டத்தின் அளவைப் பார்த்து வருவதில்லை, பழி யார் மேல் விழும் என்பதைப் பார்த்து வருகிறது.

டேவிட் கான்ராய் என்ற ஆய்வாளர் 2002-ல் தோல்வி பயத்தை ஐந்தாகப் பிரித்தார்: வெட்கம், தன் மேலேயே மதிப்புக் குறைவது, எதிர்காலம் என்னாகுமோ என்பது, முக்கியமானவர்கள் நம்மைக் கண்டுகொள்ளாமல் போவது, அவர்களை வருத்தப்பட வைப்பது. ஐந்தில் இரண்டு மற்றவர்களைப் பற்றியது, வெட்கத்தையும் சேர்த்தால் மூன்று. பிள்ளையிடம் "உனக்கு என்ன பயம்?" என்று கேட்டால் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: "ஒரு பேப்பர் போயிடுச்சுன்னு வெச்சுக்க. மொதல்ல யார் மூஞ்சியில முழிக்கப் பயப்படுவ?" அப்பா என்றால் அப்பாவிடம் பேச வேண்டும், பிள்ளைக்கு அறிவுரை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. யாரும் இல்லை, வேலை கிடைக்காதோ என்றுதான் என்றால் அது தகவல் குறைவு. தகவல் கொடுத்தால் தீரும்.

மாங்கூழ் | மே 16

பொண்ணுங்களைப் பத்தி யாரும் எழுதலையே. இந்தப் பக்கம் பையன் ஒரு வருஷம் சும்மா இருந்தா "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்". பொண்ணு இருந்தா மாசி மாசத்துக்குள்ள வரன் பேச்சு. அவங்க பயந்து சின்னதா எடுக்கறாங்கன்னு சொல்றது நியாயமே இல்ல. அவங்களுக்குத் தோல்வியோட விலையே வேற.

தகடூரான் | மே 16

சரியான அடி. மேலே எழுதினதில் விலை எல்லோருக்கும் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். விலை அதிகமாக இருக்கும்போது பாதுகாப்பானதை எடுப்பது பயம் இல்லை, கணக்கு.

அப்படியானால் செய்ய வேண்டியது தைரியம் சொல்வது இல்லை, விலையைக் குறைப்பது. ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு, மருத்துவத்துக்கு 2020 முதல், பொறியியல், வேளாண்மை போன்றவற்றுக்கு 2021 முதல், கட்டணம் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் பட்டம், டிப்ளமோ, ஐடிஐ மூன்றுக்கும் உண்டு. தொலைநிலைக் கல்விக்கு இல்லை. "வீட்டில இருந்தே தபால்ல படிக்கட்டும்" என்கிற வீட்டில் இதைச் சொல்லுங்கள், பேச்சின் தொனி மாறும். ஒரு பாடத்தில் போனவர்களுக்கு உடனே துணைத்தேர்வு இருக்கிறது, எழுதி அதே வருஷம் சேரலாம். "ஒரு வருஷம் போச்சு" என்ற பேச்சே அங்கே இல்லை. ரிசல்ட் பார்த்து ஒரு வாரம் ரூமை விட்டு வெளியே வராத பிள்ளை விண்ணப்பத் தேதியை விட்டுவிடுகிறது, அதைத்தான் பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தகடூரான் | மே 19

டிப்ளமோவை ‘முடியாதவன் போற இடம்’ என்று பேசுவதும் இதே நோய்தான், அதனால் தனியாக ஒரு குறிப்பு. விரல் விட்டு எண்ணுங்கள். பத்தாவது, அப்புறம் பிளஸ் டூ 2, பி.இ. 4, மொத்தம் 6. பத்தாவது, டிப்ளமோ 3, நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. 3, மொத்தம் 6. ஒரு நாள்கூட நஷ்டம் இல்லை. இரண்டு வருஷ ஐடிஐ முடித்தவர் டிப்ளமோவில் இரண்டாம் ஆண்டில் சேரலாம், 2, 2, 3, மொத்தம் 7. ஒரு வருஷம் அதிகம், ஆனால் நடுவில் எந்த இடத்தில் நின்றாலும் கையில் ஒரு சான்றிதழ், பக்கத்தில் ஓசூர் சிப்காட்.

கணக்கில் தடுமாறுகிற பிள்ளைக்கு நடு வழி என்பது இப்படி இருக்கும்.

பாலக்கோட்டான் | மே 19

எங்க மாமா கேப்பாரு, "பாலிடெக்னிக்கா? ஏன், மார்க் வரலையா?"ன்னு. அதுக்கு ஒரு திட்டம் இருந்தா சொல்லுங்க.

தகடூரான் | மே 20

மாமாவுக்கு அரசுத் திட்டம் எதுவும் இல்லை.

தகடூரான் | ஜூன் 2

திருத்தம். மே 10-ல் அட்கின்சனைக் கொஞ்சம் தூக்கலாகச் சொல்லிவிட்டேன். வளையம் வீசும் சோதனையை அட்கின்சனும் லிட்வின் என்பவரும் 1960-ல் செய்தார்கள். பயம் அதிகமுள்ளவர்கள் நடுத் தூரத்தை அடியோடு விட்டு ஓடவில்லை. அவர்களும் நடுவிலிருந்து வீசினார்கள், மற்றவர்களை விடக் குறைவாக. ஆக ‘பயந்தவன் நடுவுக்கே வர மாட்டான்’ என்பது தப்பு. வருவான், ஆனால் லேசாகத் தள்ளினாலே ஒரு முனைக்குப் போய்விடுவான். தள்ளுகிறவர் மாமாவா, பள்ளியா, கோச்சிங் விளம்பரமா என்பதுதான் மிச்சக் கதை.

இதனாலேயே அந்த நீட் பெண்ணைப் பற்றியும் முடிவு கட்ட முடியாது. மூன்று கேள்வி போதும். கடைசி ஐந்து முழு மாதிரித் தேர்வின் சராசரி என்ன? போன வருஷம் அவள் பிரிவுக்கு அரசு ஒதுக்கீட்டில் கடைசியாக சீட் கிடைத்த மதிப்பெண்ணுக்கும் அதற்கும் எத்தனை இடைவெளி? அந்த இடைவெளி முதல் வருஷத்திலிருந்து குறைந்திருக்கிறதா? மூன்றுக்கும் எண்ணாகப் பதில் வந்தால் அது முயற்சி. "இந்தத் தடவை எப்படியும்..." என்று ஆரம்பித்தால் அது ஒளியுமிடம்.

விடைத்தாளிலும் பயம் தெரியும். நீட்டில் 180 கேள்வி, சரிக்கு 4, தப்புக்கு கழித்தல் 1. நாலில் இரண்டு விடையை நீக்கிவிட்டு மிச்ச இரண்டில் ஒன்றைக் குத்தினால் சராசரியாக ஒரு கேள்விக்கு 1.5 லாபம். அப்படி 20 கேள்வியை ‘நெகட்டிவ் வந்துடும்’ என்று காலியாக விட்டால் சராசரியில் 30 மதிப்பெண்ணைக் கீழே போட்டு வந்தாயிற்று. அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வில் தப்புக்கு மதிப்பெண் கழிப்பதே இல்லை, அதிலும் குத்தத் தயங்குகிறவர்கள் உண்டு.

கூடவே: நீட் எழுதுகிறவர்கள் கால்நடை மருத்துவம், நர்சிங், வேளாண்மை என்று பிளஸ் டூ மதிப்பெண்ணில் கிடைப்பதற்கும் விண்ணப்பம் போட்டு வைக்கலாம். ஓசூர் மத்திகிரியிலேயே கோழியினத் தொழில்நுட்பத்துக்கு பி.டெக். இருக்கிறது, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

அரூர்க்காரர் | ஜூலை 9

பையன் மனசு மாறிட்டான், பொறியியல் விண்ணப்பம் போட்டாச்சு. விருப்பப் பட்டியல் எழுதி வெச்சிருக்கான். மொத்தம் 6 கல்லூரி. முதல்ல வீட்டுக்குப் பக்கத்துல ‘கண்டிப்பா கெடைக்கும்’ தனியார் கல்லூரி. பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி கடைசியில. கேட்டா, "மேல பெரிய காலேஜ் போட்டு கெடைக்கலைன்னா எல்லாமே போயிடும்"ங்கறான்.

தகடூரான் | ஜூலை 9

நிறுத்துங்கள், பட்டியலைப் பூட்ட வேண்டாம். இத்தனை நாள் பேசின பயம் அந்த ஒரு தாளில் இருக்கிறது.

ஒதுக்கீடு நடக்கும் விதம் இதுதான். தரவரிசைப்படி ஒவ்வொருவர் முறை வரும்போது கணினி அவர் பட்டியலை 1-லிருந்து படிக்கும். 1-ல் இடம் இருக்கிறதா? இல்லை என்றால் 2. இல்லை என்றால் 3. இருக்கிற முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். மேலே 20 பெரிய கல்லூரி போட்டு இருபதும் கிடைக்காமல் போனாலும் 21-வது இடத்தில் உள்ளதைப் பெறும் வாய்ப்பு இம்மியும் குறையாது. அபராதம் கிடையாது, வரிசையில் பின்னுக்குப் போவதும் கிடையாது. ஆனால் கண்டிப்பாகக் கிடைப்பதை 1-ல் போட்டால் கணினி அதையே கொடுத்துவிடும். பர்கூரில் அவனுக்கு இடம் இருந்தாலும் அந்த வரி வரைக்கும் படிக்கவே படிக்காது.

எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் போடலாம், உச்சவரம்பு இல்லை. அவன் கட் ஆஃப்: கணக்கு 82, ஃபிசிக்ஸ் பாதி 37, கெமிஸ்ட்ரி பாதி 39, மொத்தம் 158. போன வருஷம் அவன் சமூகப் பிரிவில் ஒவ்வொரு கல்லூரியின் மெக்கானிக்கலும் எதில் முடிந்தது என்று கலந்தாய்வுத் தளத்தில் இருக்கிறது. 158-க்கு மேல் முடிந்தவை 10, 158-ஐ ஒட்டி 15, அதற்குக் கீழே 10. பிறகு எண்ணை மறந்துவிட்டுப் பிடித்த வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். பயந்தவர்கள் பட்டியலில் இல்லாமல் போவது அந்த நடு 15-தான். பெரிய பேருள்ள கல்லூரி நாலு மட்டும் போட்டுவிட்டு வெறுங்கையோடு அடுத்த சுற்றுக்குப் போகிறவனும் அதே 15-ஐத்தான் விட்டிருப்பான்.

பர்கூர் ரோடு | ஜூலை 10

தகடூரான் சார், ஒரு தப்பு. கட் ஆஃபை வெச்சு ஒப்பிடாதீங்க, ரேங்க்கை வெச்சு ஒப்பிடுங்க. கணக்குல சென்டம் அதிகமா விழற வருஷம் எல்லாருமே மேல ஏறிடுவாங்க, போன வருஷ 158 நின்ன இடத்துல இந்த வருஷ 158 நிக்காது. சமூக ரேங்க் எத்தனைன்னு பாத்து, போன வருஷம் அந்த ரேங்க்குக்கு என்ன கெடைச்சதுன்னு தேடணும்.

தகடூரான் | ஜூலை 10

ஒத்துக்கொள்கிறேன். நேற்றுக் குறிப்பில் 158 என்று வருகிற இடத்திலெல்லாம் ‘சமூக ரேங்க்’ என்று வைத்துப் படிக்கவும். 10, 15, 10 அப்படியே இருக்கட்டும்.

அரூர்க்காரர் | ஜூலை 17

38 போட்டான். பர்கூர் 4, செட்டிக்கரை அரசுக் கல்லூரி 5. தற்காலிக ஒதுக்கீடு 11-வது விருப்பத்துக்கு வந்திருக்கு. இப்ப "ஏத்துக்கிட்டுச் சேர்றேன்"னு அழுத்தப் போறான், மேல ஏற முயற்சி பண்ணா இதுவும் போயிடுமாம்.

தகடூரான் | ஜூலை 17

போகாது. ‘ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன்’ என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதை அழுத்தி, கட்ட வேண்டியதைச் சேவை மையத்தில் தேதிக்குள் கட்டினால் 11 கையில் இருக்கும், 1 முதல் 10-ல் ஏதாவது காலியானால் அங்கே நகரும். ‘மறுத்துவிட்டு மேல் விருப்பம்’ என்று இன்னொன்று அதற்குப் பக்கத்திலேயே இருக்கும், அதில்தான் கையில் இருப்பது போகும். இரண்டையும் வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்தச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் யோசிக்கட்டும்: நகர்ந்தால் 11-க்குத் திரும்ப முடியாது. அந்தப் பத்தும் 11-ஐ விட உண்மையிலேயே பிடித்தவைதானா?

அரூர்க்காரர் | ஜூலை 17, இரவு

8-வது பிடிக்கலையாம். அவங்க மாமா சொன்னாருன்னு போட்டானாம்.

பாலக்கோட்டான் | ஜூலை 17, இரவு

அங்கயும் மாமாவா!